பேரீச்சம்பழத்துக்குப் போட்ட டிவி என்ன ஆகிறது?

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வந்த வண்டிக்காரர் இப்போது பழத்துக்குப் பதில் பணம் தருகிறார். அவர் வாங்கும் சரக்கும் மாறிவிட்டது. ஓடாத மிக்சி, திரை நொறுங்கிய செல்போன், உயிர் போன யுபிஎஸ், கம்ப்யூட்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் அந்த வண்டியில் ஏறுகின்றன. இவற்றைத்தான் மின்னணுக் கழிவு அல்லது இ-கழிவு என்கிறோம். பிளக்கில் மாட்டி ஓடியதோ பேட்டரியில் ஓடியதோ, வைத்திருந்தவர் வேண்டாம் என்று கழித்துவிட்டால் அது மின்னணுக் கழிவு. முழுப் பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கழற்றிப் போட்ட சர்க்யூட் போர்டும் இதில் சேர்த்தி.

பொருள் முழுசாக இருக்கும்வரை பெரும்பாலும் ஆபத்தில்லை. பரணில் பத்து வருடம் கிடக்கும் டிவியிலிருந்து ஈயம் சொட்டுவதில்லை. (பேட்டரி மட்டும் விதிவிலக்கு, அதற்குப் பிறகு வருவோம்.) உடைக்கும்போதும் எரிக்கும்போதும் அமிலத்தில் ஊறவைக்கும்போதும்தான் நஞ்சு வெளியே வருகிறது. பிரிப்பவர் காசு பெறும் பாகத்தை எடுத்துக்கொண்டு காசு பெறாததை வீசுவார். நஞ்சில் பெரும்பங்கு அந்தக் காசு பெறாத பாகத்தில்தான் இருக்கிறது. மின்னணுக் கழிவின் சிக்கல் மொத்தமும் இந்தக் கணக்குக்குள் அடங்கும். சட்டமும் சுற்றி வளைத்து இதே கணக்கைத்தான் மாற்றப் பார்க்கிறது.

ஒரு பிக்சர் டியூப் டிவியைப் பிரித்தால்

தமிழ்நாட்டில் 2006-க்கும் 2011-க்கும் இடையே அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல். எல்லாம் பிக்சர் டியூப் வகை. கடைகளில் வாங்கியவை தனி. தட்டைத் திரை வந்த பிறகு இவற்றில் பெரும்பாலானவை காயலான் கடைக்கோ பரணுக்கோ போய்விட்டன. அதனால் இந்த டிவியையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் பின் மூடி கழறும். பிளாஸ்டிக் தீப்பிடிக்காமல் இருக்க அதில் புரோமின் சேர்மங்களைக் கலந்திருப்பார்கள். அடுத்து பிக்சர் டியூப். உள்ளே காற்று இல்லாத வெற்றிடம். முகப்புக் கண்ணாடியில் சுத்தியல் பட்டால் டியூப் உள்வாங்கி வெடித்துச் சில்லு தெறிக்கும். அதனால் பழகிய கை பின்னால் இருக்கும் மெல்லிய கழுத்தைத் தட்டி உடைத்து முதலில் காற்றை உள்ளே விடும். பிறகு கழுத்தைச் சுற்றியிருக்கும் யோக் காயிலையும், டியூபைச் சுற்றி ஓடும் இன்னொரு காயிலையும் உருவுவார்கள். இரண்டிலும் தாமிரம் இருக்கிறது, உடனே காசாகும். போர்டைத் தனியாக எடுத்து வைப்பார்கள்.

மிச்சம் கண்ணாடி. எடையில் அதுதான் அதிகம், விலையில் பூஜ்யம். டியூபின் பின்பக்கக் கூம்புக் கண்ணாடியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு. உள்ளே உருவாகும் எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுக்கத்தான் ஈயத்தைக் கலந்தார்கள். முகப்பின் உட்பக்கம் வண்ணம் காட்டும் பொடி பூசியிருக்கும். கை வைத்தால் ஒட்டும், ஊதினால் பறக்கும். முன்பெல்லாம் இந்தக் கூம்புக் கண்ணாடியை உருக்கிப் புதிய பிக்சர் டியூப் செய்தார்கள். புது டியூப் தயாரிப்பு நின்றதும் அதை வாங்க ஆளில்லாமல் போய்விட்டது. முறையாகக் கழிக்க வேண்டுமென்றால் ஈய உருக்காலைக்கோ, அபாயகரமான கழிவுக்கான பாதுகாக்கப்பட்ட புதைகுழிக்கோ காசு கொடுத்து அனுப்ப வேண்டும். நூறு, இருநூறு ரூபாய்க்கு டிவியை எடுத்தவர் அந்தக் காசைக் கொடுப்பாரா? கண்ணாடி காலி மனைக்கும் ஏரிக்கரைக்கும் போகிறது. குப்பை மேட்டில் அழுகும் உணவு விடும் நீர் புளித்த நீர். கண்ணாடியிலிருக்கும் ஈயத்தை அது மெல்ல மெல்லக் கரைத்து இறக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஈயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு கூம்பில் இருக்கும் ஈயத்தை நூற்றுக்கணக்கான கிராமில் சொல்ல வேண்டும்.

எரிப்பும் அமிலமும்

வயரை எரிப்பது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. கறுப்புப் புகை எழும், கண் எரியும். மேலுறை பிவிசி. தூய பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். திறந்தவெளியில் எரிக்கும்போது, புகை 200 முதல் 400 டிகிரி வரையிலான சூட்டில் இருக்கையில் டையாக்சின்கள் என்ற கொடிய நச்சுச் சேர்மங்கள் உருவாகின்றன. தாமிரம் அந்த வினையைத் தூண்டிவிடும் வினையூக்கி. ஆக, டையாக்சின் தயாரிக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஒரு வயர்க் கட்டுக்குள்ளேயே இருக்கிறது. டையாக்சின் காற்றோடு போய்விடுவதும் இல்லை. சாம்பலாக மண்ணில் படிந்து, மண்ணைக் கிளறும் கோழிக்குள் போய், கொழுப்பில் தங்கி, முட்டையில் வரும். கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் அக்போக்புளோஷி என்ற கழிவுச் சந்தை இருந்தது. அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டையை 2019-இல் சோதித்தார்கள். ஒரு முட்டை சாப்பிட்டாலே, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த டையாக்சின் தினசரி அளவைப் போல 220 மடங்கு உள்ளே போய்விடும் என்று தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், எரித்தெடுத்த தாமிரம் கறுத்துப்போய் மட்ட ரகமாகிவிடும். உரித்தெடுத்த தாமிரத்துக்குத்தான் கூடுதல் விலை. தடித்த வயரை உரிக்கக் கையால் சுற்றும் சிறிய இயந்திரமே போதும். ஆனால் சார்ஜர் வயர், இயர்போன் வயர் போல மெல்லியதை உரித்தால் கூலி கட்டாது. எரிகிறவற்றில் இந்த ரகம் நிறைய.

போர்டில் ஆசை காட்டுவது தங்கம். பத்து லட்சம் செல்போனில் சுமார் 34 கிலோ தங்கம், 350 கிலோ வெள்ளி, 15 கிலோ பலேடியம், 16 டன் தாமிரம் என்று ஒரு கணக்கு உண்டு. வகுத்துப் பார்த்தால் ஒரு போனுக்கு 34 மில்லிகிராம் தங்கம். சுரங்கத்தில் ஒரு டன் கல்லை உடைத்தாலும் சில கிராம்தான் தேறும் என்பதால், போர்டு என்பது வளமான தாது. பட்டறைக்காரர்கள் முதலில் போர்டை அடுப்பில் காட்டுவார்கள். பழைய ஈயப்பற்று 183 டிகிரியில் இளகி, சிப்புகள் உதிரும். அடுப்புக்கு 183 டிகிரியில் நிற்கத் தெரியாது. சூடு ஏறப் போர்டின் பசை கருகி, புரோமின் கலந்த புகை கிளம்பும். பிறகு நைட்ரிக் அமிலத் தொட்டி. தாமிரம் கரைந்து தங்கப் படலம் உரிந்து மிதக்கும். மேலே வரும் பழுப்பு நிறப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. இதை முகர்ந்தவருக்கு அப்போதைக்கு இருமல் மட்டும் இருக்கலாம், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். இருமல் நின்றுவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடுவதில்தான் உயிர் போகிறது. வேலை முடிந்த அமிலத்தில் கரைந்த தாமிரமும் ஈயமும் நிக்கலும் அப்படியே சாக்கடைக்கு. இத்தனை செய்தும் இந்தப் பட்டறைகளில் போர்டில் உள்ள தங்கத்தில் பாதிகூடத் தேறுவதில்லை. மாசுக் கட்டுப்பாட்டோடு இயங்கும் பெரிய உருக்காலைகளில் 95 சதவீதம் வரை கிடைக்கிறது.

பித்தளைக்குப் பேர்போன உத்தரப்பிரதேச மொராதாபாத்தில் போர்டை எரித்து, சாம்பலை ராமகங்கை ஆற்றங்கரையில் சலித்துக் கழுவித் தாமிரம் எடுப்பது வீட்டுத் தொழிலாகவே வளர்ந்தது. டெல்லியில் சீலம்பூர் பிரிக்கும் தொழிலுக்குப் பெயர் பெற்ற இடம். சீனாவில் குய்யூ என்ற ஊரில் இதன் விலை குழந்தைகளின் ரத்தத்தில் தெரிந்தது. 2007-இல் வெளியான ஆய்வில் அவ்வூர்க் குழந்தைகளின் ரத்தத்தில் சராசரியாக டெசிலிட்டருக்கு 15.3 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது, பக்கத்து ஊரில் 9.94. உலக சுகாதார நிறுவனம் 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப் போல நாலைந்து மடங்கு குழந்தைகள் உறிஞ்சுவார்கள். தரையில் தவழ்ந்து விரலை வாயில் வைக்கும் வயதில், வீட்டு முற்றத்திலேயே பட்டறை இருந்தால் என்னவாகும் என்பதற்குத் தனி விளக்கம் வேண்டாம்.

ஃபிரிட்ஜ், டியூப்லைட், பேட்டரி

ஃபிரிட்ஜில் விலை போவது கம்ப்ரஸர். அதைக் கழற்ற வண்டிக்காரர் குழாயை வெட்டுவார், புஸ்ஸென்று ஒரு சத்தம், இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அந்தப் புஸ் பழைய ஃபிரிட்ஜாக இருந்தால் ஆர்-12 என்ற குளிரூட்டும் வாயு. ஓசோனைத் தின்பதோடு, ஒரு கிலோ ஆர்-12 சுமார் 10,900 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஒரு ஃபிரிட்ஜில் 100 கிராம் இருந்தாலும், ஒரு டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். புதிய ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சூழலுக்குத் தீங்கு குறைவு, ஆனால் சமையல் எரிவாயுவைப் போலத் தீப்பற்றும். அடைத்த கடைக்குள் கேஸ் கட்டரால் வெட்டினால் விபத்துதான்.

டியூப்லைட்டிலும் சிஎஃப்எல்லிலும் பாதரசம் உண்டு, சிஎஃப்எல்லில் 3 முதல் 5 மில்லிகிராம். ஒன்று உடைந்தால் பயந்து ஓட வேண்டியதில்லை, ஆனால் துடைப்பத்தால் கூட்டக் கூடாது, வாக்குவம் கிளீனர் கூடவே கூடாது. இரண்டும் பாதரசத்தைக் காற்றில் கிளப்பிவிடும். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்தி, எல்லோரும் பத்து நிமிடம் வெளியே இருங்கள். பிறகு தடித்த அட்டையால் சில்லுகளை அள்ளி, பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியோடு சேர்த்து மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் அடைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் குழல் விளக்கைக் கழிக்கும் ஆலைகளுக்கு இந்த யோசனை உதவாது. அவர்கள் முழு டியூபாகவே பெட்டியில் அடுக்கிப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் தர வேண்டும்.

பேட்டரிதான் சும்மா கிடந்தாலும் சும்மா இருக்காத பாகம். லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சார்ஜ் போடாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை இறக்கப் பார்க்காதீர்கள். மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, தீப்பிடிக்கும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். நல்ல பேட்டரியைக் கழிப்பதானாலும் இரு முனையிலும் டேப் ஒட்ட வேண்டும். இது குப்பைக்கூடையில் விழுந்தால், குப்பையை அழுத்திக் கட்டும் லாரிக்குள் நசுங்கிப் பற்றிக்கொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவின் முதல் தனி விதிகள் 2011-இல் வெளியாகி 2012 மே 1-இல் நடைமுறைக்கு வந்தன. 2016-இல் ஒருமுறை திருத்தி எழுதினார்கள். இப்போது நடப்பில் இருப்பது மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல். முன்பு பட்டியலில் 21 வகைப் பொருள்கள், இப்போது 106. மருத்துவக் கருவி, பொம்மை, டிரில் மெஷின், சூரிய மின்பலகை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. பேட்டரிக்கு 2022-இலேயே தனி விதிகள் வந்ததால், அது இந்தக் கணக்கில் வராது.

விதிகளின் முதுகெலும்பு இ.பி.ஆர், அதாவது விற்றவருக்கே கழிவின் பொறுப்பும் நீள்கிறது என்ற கொள்கை. ஒரு நிறுவனம் ஓராண்டில் 1,000 டன் ஃபிரிட்ஜ் விற்றது, அதன் சராசரி ஆயுள் 10 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது ஆண்டில் அந்த எடையில் குறிப்பிட்ட சதவீதம் மறுசுழற்சி ஆனதற்கு நிறுவனம் கணக்குக் காட்ட வேண்டும். 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, 2027-28 முதல் 80. தான் விற்ற அதே ஃபிரிட்ஜைத் தேடிப் பிடிக்க வேண்டாம். பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் கழிவைப் பதப்படுத்தி உலோகம் எடுத்ததற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் சான்றிதழ் உருவாகும். நிறுவனம் அதை விலைக்கு வாங்கும். பிக்சர் டியூப் கண்ணாடிக்கு அன்று யாரும் கொடுக்காத காசை இப்படி மேலிருந்து கீழே இறக்குவதுதான் நோக்கம்.

நோக்கம் சரி. ஆனால் சான்றிதழ் தங்கம், தாமிரம், அலுமினியம், இரும்பு ஆகிய நான்கு உலோகங்களுக்குத்தான். இவை சட்டம் இல்லாவிட்டாலும் காசாகிறவை. ஈயக் கண்ணாடிக்கும் புரோமின் பிளாஸ்டிக்குக்கும் பாதரசப் பொடிக்கும் சான்றிதழ் கிடையாது. அவற்றை ஒழுங்காகக் கையாள்வது மறுசுழற்சியாளரின் கடமை என்று விதி சொல்கிறது, சொல்வதோடு நின்றுவிடுகிறது. இந்த விதிகளின் பெரிய ஓட்டை இதுதான் என்பது எங்கள் கணிப்பு. சான்றிதழ் விலை அடிமாட்டு விலைக்கு இறங்கினால் முறையான ஆலை தாங்காது என்று 2024-இல் அரசு குறைந்தபட்ச விலை வைத்தது. வீட்டு மின்னணுப் பொருள்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய், ஸ்மார்ட்போனுக்கு 34 ரூபாய். அதை எதிர்த்துப் பெரிய நிறுவனங்கள் சில டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின.

தயாரிப்பு நிலையிலும் கட்டுப்பாடு உண்டு. ஒரு பாகத்தின் ஒவ்வொரு பொருளிலும் ஈயம், பாதரசம், ஆறு இணைதிறன் குரோமியம், இரு வகைப் புரோமின் தீத்தடுப்பான்கள் ஒவ்வொன்றும் எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, காட்மியம் 0.01 சதவீதத்துக்கு மேல் கூடாது. சில பயன்பாடுகளுக்கு விலக்கு உண்டு. பரணில் கிடக்கும் பழைய டிவிக்கு இந்த வரம்பு எதுவும் தெரியாது.

பதிவு செய்ய வேண்டியவர்கள் நான்கு வகை: தயாரிப்பாளர், தன் பெயரில் விற்பனைக்கு விடும் உற்பத்தியாளர், பழசைப் புதுப்பித்து விற்பவர், மறுசுழற்சியாளர். 2016 விதிகளில் இருந்த சேகரிப்பு மையமும் பிரிப்பவரும் 2022-இல் இந்தப் பதிவுப் பட்டியலிலிருந்து காணாமல் போய்விட்டார்கள். களத்தில் கழிவு முதலில் வந்து சேர்வதே அவர்களிடம்தான். ஆண்டில் எப்போதாவது 1,000 பொருள்களுக்குக் குறையாமல் பயன்பாட்டில் வைத்திருந்த அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை எல்லாம் மொத்தப் பயனர். அவர்கள் பதிவு பெற்றவரிடம் மட்டுமே கழிவைக் கொடுக்கலாம். வீட்டுக்காரருக்கென்று தனிக் கடமை எதுவும் இந்த விதிகளில் எழுதப்படவில்லை. குப்பையில் கலந்து வந்ததைப் பிரித்தெடுத்து அனுப்புவது உள்ளாட்சி அமைப்பின் வேலை.

விதியை மீறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு. அதைக் கட்டிவிட்டதால் மறுசுழற்சிப் பொறுப்பு தீர்ந்துவிடாது, நிலுவை அடுத்த ஆண்டுக்கு வரும். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் 15-ஆம் பிரிவில் முன்பு ஐந்தாண்டு வரை சிறை இருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அது 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதமாக மாறிவிட்டது.

எல்லை தாண்டும் கழிவைக் கட்டுப்படுத்துவது பேசல் உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஒப்பந்தம். "கழிவில்லை, பழுது பார்த்து விற்கத்தான்" என்று பணக்கார நாடுகளின் குப்பை கன்டெய்னரில் வருவது பழைய தந்திரம். அபாயமற்றது என்று சொல்லி அனுப்பும் மின்னணுக் கழிவுக்கும், 2025 ஜனவரி 1 முதல் இறக்குமதி நாட்டின் முன் அனுமதி கட்டாயம்.

எண்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. 2021-22-இல் இந்தியாவில் 16.01 லட்சம் டன் மின்னணுக் கழிவு என்பது அரசுக் கணக்கு. ஐ.நா. அமைப்புகளின் கணக்கில் 2022-இல் சுமார் 41 லட்சம் டன். இரண்டில் ஒன்று பொய் என்பதில்லை. அரசுக் கணக்கு அன்றைய 21 வகைப் பொருள்களுக்கு மட்டும், விற்பனையையும் ஆயுளையும் வைத்துப் போட்ட மதிப்பீடு. இரண்டையும் தராசில் நிறுத்துப் பார்த்து எழுதவில்லை. உலகம் முழுக்க 2022-இல் 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்.

கொடுக்கும் முன்

ரிப்பேருக்கு வழியிருந்தால் அதுதான் முதலில். ஓடுகிற பொருளை இன்னொருவர் எடுத்துக்கொள்வது எந்த மறுசுழற்சியைவிடவும் மேல்.

போனில் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வெளியேறாமல் ரீசெட் செய்தால் அடுத்தவர் கையில் போன் பூட்டிக்கொள்ளும், உதிரிபாகமாகத்தான் போகும். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்கில் குயிக் ஃபார்மட் என்பது பொருளடக்கத்தைக் கிழிப்பது போல, பக்கங்கள் அப்படியே இருக்கும். முழு டிஸ்கையும் ஒருமுறை மேலெழுத வேண்டும். எஸ்எஸ்டி-க்கு மேலெழுதுவது முழுப் பலன் தராது, தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பு அழிப்பு வசதியைப் பயன்படுத்துங்கள்.

யாரிடம் கொடுப்பது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இ.பி.ஆர் தளத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் பட்டியல் மாநில வாரியாக இருக்கிறது. கம்பெனி பெயரோடு ஆலை முகவரியும் பொருந்துகிறதா பாருங்கள். "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று வண்டியில் எழுதியிருப்பது சான்றாகாது. உங்கள் பொருளின் வகைக்கு அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள், போர்டு உடைக்கும் ஆலைக்கு ஃபிரிட்ஜ் வாயு பிடிக்கும் கருவி இருக்காது. காயலான் கடை தருவதைவிடக் குறைவாகத்தான் தருவார்கள். வாயு பிடிப்பதற்கும் கண்ணாடியைக் கழிப்பதற்கும் ஆகும் செலவு அந்த விலையில் கழிந்திருக்கிறது. கூடுதலாகத் தருகிறேன் என்று வந்தால், கம்ப்ரஸரை எங்கே, எப்படிக் கழற்றுவீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

அலுவலகமானால் பொருள், எண்ணிக்கை, எடை, தேதி போட்ட ரசீது இல்லாமல் வண்டியை வெளியே விடாதீர்கள். ஏலம் விடுவதானால், பதிவு பெற்றவர் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்பதை ஏல அறிவிப்பிலேயே போடுங்கள். ஏலம் முடிந்த பிறகு கேட்டால், அதிக விலை சொன்னவர் கையில் பதிவுச் சான்று இருக்காது.